மாதவிடாய் நின்ற இளம்பெண்ணும் மெலியும் எலும்பும்

எலும்புத் தேய்மானம் என்றால் நமக்கு வீட்டிலுள்ள மூத்த பெண்களின் நினைவுதான் வரும். கூன் விழுந்த முதுகு, குளியலறையில் வழுக்கி உடைந்த இடுப்பு, மாதக்கணக்கில் படுக்கை என்று அதை முதுமையின் நோயாகவே நாம் பார்த்துப் பழகிவிட்டோம். ஆனால் பதினெட்டு, இருபது வயதுப் பெண்ணின் எலும்பும் ஐம்பது வயதுப் பெண்மணியின் எலும்பைப் போல மெலிந்துபோகக் கூடும். அதற்கு வலி இருக்காது, வீக்கம் இருக்காது. வெளியில் தெரியும் ஒரே அடையாளம், மாதவிடாய் நின்றுபோவது.

இதைக் கவனிக்க நம் வீடுகளில் ஒரு வசதி உண்டு. மாதவிடாய் நாட்களில் பெண்கள் தொழுவதில்லை. ரமலானில் விடுபட்ட நோன்புகளைப் பின்னர் களாச் செய்கிறார்கள். ஆகவே வயதுக்கு வந்த மகள் பல மாதங்களாக ஒரு வக்துகூட விடாமல் தொழுகிறாள், ரமலான் முழுவதும் ஒரு நோன்பும் விடவில்லை என்றால் தாய் மகிழ்வது இயல்பு. அந்த மகிழ்ச்சியோடு, ‘பிள்ளைக்கு மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா?’ என்ற கேள்வியும் எழ வேண்டும்.

எலும்புக்கும் மாதவிடாய்க்கும் என்ன தொடர்பு?

எலும்பு உயிருள்ள திசு. பழைய எலும்பை அரித்து எடுக்கும் செல்களும், புதிய எலும்பைக் கட்டும் செல்களும் அதில் எந்நேரமும் வேலை செய்கின்றன. அரிக்கும் வேலை அளவு மீறாமல் தடுத்து வைப்பது சினைப்பையில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன். அது குறைந்தால் கட்டுவதைவிட அரிப்பது அதிகமாகிறது. மாதவிடாய் முற்றாக நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பு மெலிவதற்கு ஈஸ்ட்ரோஜன் குறைவுதான் காரணம் என்பதை அமெரிக்க மருத்துவர் ஃபுல்லர் ஆல்பிரைட் 1940களின் தொடக்கத்திலேயே எடுத்துரைத்தார்.

இளம்பெண்ணுக்கு இழப்பு இரட்டிப்பாகும். ஒரு பெண் தன் ஆயுளுக்குத் தேவையான எலும்பில் ஏறத்தாழ 90 சதவீதத்தைப் பதினெட்டு, இருபது வயதுக்குள் சேர்த்துவிடுகிறாள். பூப்பெய்தும் காலத்தை ஒட்டிய இரண்டு ஆண்டுகளில் மட்டும் ஏறக்குறைய கால் பங்கு சேர்கிறது. சேமிக்க வேண்டிய இந்தக் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் இல்லாவிட்டால், சேர வேண்டியது சேராது, சேர்ந்ததும் கரையும்.

1984இல் பார்பரா டிரிங்க்வாட்டர் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவில் நடத்திய ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. மாதவிடாய் நின்றிருந்த 14 விளையாட்டு வீராங்கனைகளையும், ஒழுங்காக வந்துகொண்டிருந்த 14 வீராங்கனைகளையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். மாதவிடாய் நின்றவர்களின் சராசரி வயது சுமார் 25. அவர்களது முதுகெலும்பின் அடர்த்தியோ 51 வயதுப் பெண்களுடையதைப் போல இருந்தது. கடும் உடற்பயிற்சியால்கூட ஈஸ்ட்ரோஜனின் இடத்தை நிரப்ப முடியவில்லை.

எதனால் நிற்கிறது?

கர்ப்ப காலத்திலும் பாலூட்டும் காலத்திலும் மாதவிடாய் நிற்பது இயல்பு. அவை தவிர்த்துக் காரணங்கள் பல. தைராய்டு கோளாறு, பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின் ஹார்மோன் மிகுதல், நாற்பது வயதுக்கு முன்பே சினைப்பை செயலிழத்தல், பிறவியிலேயே வரும் டர்னர் நோய்க்குறி ஆகியவை அவற்றுள் சில. இன்று பரவலாகப் பேசப்படும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையிலும் மாதவிடாய் தள்ளிப்போகும். ஆனால் அதில் பொதுவாக ஈஸ்ட்ரோஜன் அந்த அளவுக்குக் குறைவதில்லை. எனவே, ‘மாதவிடாய் வரவில்லை, அப்படியானால் நீர்க்கட்டிதான்’ என்று நாமே முடிவு செய்துவிடக் கூடாது.

இளம்பெண்களிடம் அதிகம் காணப்படும், ஆனால் குறைவாகக் கவனிக்கப்படும் காரணம் ஒன்று உண்டு. உடலுக்குச் செலவாகும் சக்திக்கு ஏற்ற உணவு கிடைக்காதபோது, மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ் என்ற பகுதி சினைப்பைக்குச் செல்லும் கட்டளைகளைக் குறைத்துவிடுகிறது. பஞ்ச காலத்தில் வீட்டுச் செலவைச் சுருக்குவது போன்றது இது. உயிர் வாழ உடனடியாகத் தேவைப்படாத இனப்பெருக்க வேலையை உடல் நிறுத்தி வைக்கிறது. அளவுக்கு மீறிய உணவுக் கட்டுப்பாடு, எடை குறைந்துவிடுமோ கூடிவிடுமோ என்ற ஓயாத கவலை, கடும் உடற்பயிற்சி, தேர்வு போன்ற மன அழுத்தம், அனோரெக்சியா என்னும் உணவு மறுப்பு நோய் ஆகியவை இதற்கு வழிவகுக்கின்றன. பெண் எலும்பும் தோலுமாக இருக்க வேண்டும் என்பதில்லை. பார்வைக்குச் சரியான எடையில் இருப்பவளுக்கும் இது வரலாம்.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

ஒழுங்காக வந்த மாதவிடாய் தொடர்ந்து 3 மாதங்கள் வராவிட்டாலும், எப்போதும் 45 நாட்களுக்கு மேல் தள்ளியே வந்தாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். 15 வயதாகியும் பூப்பெய்தாவிட்டாலும், 13 வயதாகியும் மார்பக வளர்ச்சி தொடங்காவிட்டாலும் காத்திருக்கக் கூடாது. ‘கல்யாணமானால் சரியாகிவிடும்’ என்று நம் வீடுகளில் சொல்லப்படும் ஆறுதலுக்கு மருத்துவத்தில் எந்த அடிப்படையும் இல்லை.

மருத்துவர் முதலில் கர்ப்பப் பரிசோதனை செய்யச் சொல்வார். மணமாகாத பெண்களுக்கும் உலகெங்கும் இதுவே வழக்கமான நடைமுறை. அதில் யாரையும் சந்தேகிப்பதாக எண்ணி மனம் வருந்தத் தேவையில்லை. அடுத்து தைராய்டு, புரோலாக்டின், சினைப்பை ஹார்மோன்களுக்கான இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் இருக்கும். மாதவிடாய் வராமல் 6 மாதங்களுக்கு மேல் ஆகியிருந்தாலோ, சிறிய அடிக்கே எலும்பு முறிந்திருந்தாலோ எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் தேவைப்படும். இது வலியில்லாதது, கதிர்வீச்சும் மிகக் குறைவு.

இந்த ஸ்கேன் அறிக்கையில் இரண்டு எண்கள் இருக்கும். டி ஸ்கோர் என்பது மாதவிடாய் முற்றாக நின்ற மூத்த பெண்களுக்கானது. இளம்பெண்களுக்குப் பார்க்க வேண்டியது, சம வயதினருடன் ஒப்பிடும் இசட் ஸ்கோர். அது மைனஸ் 2 அல்லது அதற்கும் கீழே இருந்தால் வயதுக்குரிய அளவைவிட அடர்த்தி குறைவு என்று பொருள். எண் குறைந்திருப்பதை மட்டும் வைத்து இளம்பெண்ணுக்கு ‘எலும்புத் தேய்மான நோய்’ என்று முத்திரை குத்துவதில்லை. எலும்பு முறிவு நேர்ந்திருக்கிறதா என்பதையும் சேர்த்தே முடிவு செய்வார்கள்.

முதல் மருந்து உணவு

சிகிச்சை காரணத்தைப் பொறுத்தது. தைராய்டு என்றால் அதற்கான மருந்து. புரோலாக்டின் என்றால் அதைக் குறைக்கும் மருந்து. சக்திக் குறைவால் நின்றிருந்தால் முதல் மருந்து உணவுதான். மூன்று வேளையும் வயிறார உண்பது, இடையில் சிற்றுண்டி, சோற்றையும் எண்ணெயையும் கண்டு அஞ்சாமல் இருப்பது, கடும் உடற்பயிற்சியைக் குறைப்பது ஆகியவற்றால் பலருக்கு மாதவிடாய் தானாகவே திரும்புகிறது. அனோரெக்சியா நோயாளிகளிடம் 1997இல் வெளியான ஓர் ஆய்வில், உயரத்துக்கு உரிய எடையில் சுமார் 90 சதவீதத்தை எட்டியவர்களில் 86 சதவீதம் பேருக்கு ஆறு மாதங்களுக்குள் மாதவிடாய் திரும்பியது. எடை கூடுவதும் மாதவிடாய் இயல்பாகத் திரும்புவதும் எலும்புக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த சிகிச்சை.

மனநல ஆலோசனையும் இதில் சேர்ந்தது. 2003இல் சாரா பெர்கா என்ற மருத்துவரின் குழு, இவ்வாறு மாதவிடாய் நின்ற 16 பெண்களில் 8 பேருக்கு 20 வாரங்கள் சிந்தனைப் பழக்கங்களைச் சீராக்கும் ஆலோசனை அளித்தது. அவர்களில் 7 பேருக்குச் சினைப்பை முழுமையாகவோ ஓரளவோ செயல்படத் தொடங்கியது. ஆலோசனை பெறாத 8 பேரில் இருவருக்கே அது நிகழ்ந்தது. சிறிய ஆய்வுதான், என்றாலும் மனதின் பாரம் சினைப்பை வரை எட்டுகிறது என்பதைக் காட்டுகிறது.

கால்சியமும் வைட்டமின் டியும் அவசியம். 9 முதல் 18 வயது வரை நாளொன்றுக்கு 1300 மில்லிகிராம், அதன் பின்னர் 1000 மில்லிகிராம் கால்சியம் தேவை என்பது அமெரிக்கப் பரிந்துரை. ஒரு பெரிய டம்ளர் பாலில் சுமார் 300 மில்லிகிராம் கிடைக்கும். நூறு கிராம் கேழ்வரகில் 300க்கும் மேல் இருக்கிறது. முள்ளோடு சாப்பிடும் நெத்திலியும் தயிரும் கைகொடுக்கும். வெளியில் செல்லும்போது உடலை முழுவதுமாக மறைக்கும் நம் பெண்களுக்கு வெயில் குறைவாகவே படுகிறது. வீட்டு முற்றத்திலும் மொட்டை மாடியிலும் கை கால்களில் வெயில் படச் சற்று நேரம் இருப்பது நல்லது. வைட்டமின் டி மாத்திரை தேவையா, எவ்வளவு என்பதை இரத்தப் பரிசோதனைக்குப் பின் மருத்துவர் சொல்லட்டும். ஒன்றை மறக்கக் கூடாது: கால்சியம் மாத்திரை மட்டும் ஈஸ்ட்ரோஜன் குறைவை ஈடுகட்டாது. செங்கல்லைக் கொண்டுவந்து குவித்தாலும் கட்டுகிற வேகத்தைவிட இடிக்கிற வேகம் கூடுதலாக இருந்தால் வீடு எழும்பாது.

இரத்தப்போக்கு வந்துவிட்டால் குணமாகிவிட்டதா?

பெரும்பாலான குடும்பங்கள் தவறிப்போவது இங்கேதான். ‘மாதவிடாய் வரவில்லை’ என்று போனால் சில நாட்களுக்கு ஒரு மாத்திரை தரப்படுகிறது. நிறுத்தியதும் இரத்தப்போக்கு வருகிறது. உம்மாவுக்கு நிம்மதி. அல்லது கருத்தடை மாத்திரையை மாதாமாதம் கொடுத்து ஒழுங்காக வரவைக்கிறார்கள். இவை மருந்தை நிறுத்துவதால் ஏற்படும் இரத்தப்போக்குகளே தவிர, சினைப்பை விழித்துக்கொண்டதற்கான அடையாளம் அல்ல. பிரச்சினை உள்ளே அப்படியே இருக்க, அதைக் காட்டிக்கொடுத்த அடையாளம் மட்டும் மறைந்துவிடுகிறது.

கருத்தடை மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் வகை மருந்து இருக்கிறதே, எலும்புக்கு நல்லதுதானே என்று கேட்கலாம். விழுங்கும் மாத்திரை முதலில் கல்லீரலைக் கடந்து செல்கிறது. அங்கே எலும்பை வளர்க்கும் ஐஜிஎஃப்-1 என்ற பொருளின் உற்பத்தியை அது குறைத்துவிடுகிறது. தோல் வழியாகச் செல்லும் ஈஸ்ட்ரோஜனுக்கு அந்தக் குறை இல்லை. பாஸ்டன் நகரில் மதுஸ்மிதா மிஸ்ரா என்ற மருத்துவரின் குழு 2011இல் வெளியிட்ட ஆய்வில், அனோரெக்சியா உள்ள வளரிளம் பெண்களுக்குத் தோலில் ஒட்டும் ஈஸ்ட்ரோஜன் பட்டை தரப்பட்டபோது முதுகெலும்பு, இடுப்பெலும்பு அடர்த்தி உயர்ந்தது; ஆனாலும் இழந்தது முழுவதும் மீளவில்லை. கேத்ரின் ஆக்கர்மன் குழு 2019இல் வெளியிட்ட ஆய்வில், 14 முதல் 25 வயது வரையிலான 121 வீராங்கனைகளிடம் பட்டையும் மாத்திரையும் ஒப்பிடப்பட்டன. ஓராண்டில் பட்டைதான் பலன் தந்தது.

எனவே எண்டோகிரைன் சொசைட்டி என்ற மருத்துவ அமைப்பு 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல், எலும்பை மேம்படுத்துவதற்காக மட்டும் இத்தகைய பெண்களுக்குக் கருத்தடை மாத்திரை தர வேண்டாம் என்கிறது. உணவு, ஓய்வு, ஆலோசனை ஆகியவற்றை உரிய காலம் முயன்ற பிறகும் மாதவிடாய் திரும்பாவிட்டால், தோல் வழி ஈஸ்ட்ரோஜனைக் குறுகிய காலத்துக்குத் தரலாம். கருப்பையின் உட்சுவர் தடித்துவிடாமலிருக்க அதனுடன் மாதத்தில் சில நாட்கள் புரோஜெஸ்டிரோன் வகை மாத்திரையும் சேர்க்க வேண்டும். நாற்பதுக்கு முன்பே சினைப்பை செயலிழந்தவர்களின் நிலை வேறு. அவர்களுக்கு இயல்பாக மாதவிடாய் நிற்கும் ஐம்பது வயது வரை ஹார்மோன் சிகிச்சை தேவைப்படுகிறது. ‘ஹார்மோன் மருந்தே ஆகாது’ என்று அஞ்சி அவர்கள் அதை நிறுத்துவது எலும்புக்கும் இதயத்துக்கும் கேடு.

மூத்தவர்களுக்குத் தரும் பிஸ்பாஸ்போனேட் வகை எலும்பு மருந்துகள் இளம்பெண்களுக்குச் சாதாரணமாகத் தரப்படுவதில்லை. அவை எலும்பில் பல ஆண்டுகள் தங்கிவிடும்; பின்னர் கருவுறும்போது குழந்தையைப் பாதிக்குமோ என்ற கவலை இருக்கிறது. பாட்டிக்கு வாங்கிய மாத்திரையைப் பேத்திக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

நோன்பும் குளிப்பும்

சக்திக் குறைவால் மாதவிடாய் நின்ற பெண் நோன்பு நோற்கலாமா என்பதை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். நோன்பு அவள் நோயைக் கூட்டும் என்று நம்பகமான மருத்துவர் சொன்னால், நோயாளிக்கு மார்க்கம் வழங்கியுள்ள சலுகை அவளுக்கும் உண்டு. குணமான பின் களாச் செய்துகொள்ளலாம். உபரியான நோன்புகளை அடிக்கடி நோற்கும் பிள்ளை இஃப்தாரிலும் சரியாகச் சாப்பிடுவதில்லை என்றால், அது வணக்கத்தின் ஆர்வமா, உணவைத் தவிர்க்கும் வழியா என்று தாய் அன்போடு விசாரிக்க வேண்டும்.

ஈஸ்ட்ரோஜன் பட்டை பற்றி நம் பெண்களுக்கு எழும் கேள்வி, அதனடியில் தண்ணீர் படாதே என்பது. பட்டை அடிவயிற்றிலோ பின்புறத்திலோ ஒட்டப்படுகிறது. வுளூவில் கழுவும் உறுப்புகளில் அல்ல. வாரம் இரு முறை மாற்றும் வகையாயின், கடமையான குளிப்பைப் பட்டை மாற்றும் நாளோடு பொருத்திக்கொள்ள முயலலாம். அப்படிப் பொருந்தாதபோது என்ன செய்வது என்பதையும், மருந்தால் வரும் இரத்தப்போக்கின்போது தொழுகைச் சட்டம் என்ன என்பதையும் ஊரிலுள்ள ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறலாம். தோலில் பூசும் ஜெல் வடிவிலும் ஈஸ்ட்ரோஜன் உண்டு. எந்தக் கேள்விக்காகவும் சிகிச்சையைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது.

ரமலானிலோ ஹஜ், உம்ராவிலோ சில நாட்கள் மாதவிடாயைத் தள்ளிப்போட மருத்துவ ஆலோசனையோடு மாத்திரை எடுப்பதால் எலும்பு மெலிந்துவிடாது. நாம் இங்கே பேசுவது மாதக்கணக்கில், மருந்தின்றியே நின்றுபோவதைப் பற்றி.

வீட்டார் செய்ய வேண்டியது

மகள் மாதவிடாய்த் தேதிகளைக் குறித்து வைக்கட்டும். பெண் பார்க்க வருவோரின் பேச்சுக்காக எடையைக் குறைக்கச் சொல்வதை நிறுத்துங்கள். மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரிந்துவிடும் என்று சிகிச்சையைத் தள்ளிப்போடும் ஒவ்வோர் ஆண்டும் எலும்பில் குறைகிறது; பின்னாளில் தாய்மைக்கும் அதே காரணம் தடையாக நிற்கக் கூடும். மருத்துவரிடம் சென்றால் மூன்று கேள்விகளைத் தவறாமல் கேளுங்கள்: மாதவிடாய் நின்றதற்குக் காரணம் என்ன? எலும்பு அடர்த்தியைப் பார்க்க வேண்டுமா? இந்த மாத்திரை காரணத்தைச் சரிசெய்கிறதா, இரத்தப்போக்கை மட்டும் வரவைக்கிறதா?