செபமாலையும் ஜெபக்கூட்டமும்

கத்தோலிக்கர் ‘செபம்’ என்று எழுதுவார்கள். மற்றச் சபையார் ‘ஜெபம்’ என்பார்கள். உடப்புசல்லாவைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் இரண்டு எழுத்தும் ஒரே லயத்தில் குடியிருக்கும். அந்தக் காம்பராக்களின் பெண்கள் மனப்பாரத்தை இறக்கிவைக்கும் வழிகளும் அப்படித்தான்: ஒன்றுபோல் ஒலிக்கும், ஒன்றல்ல.

பாரத்தில் வேறுபாடில்லை. விடியுமுன் அடுப்பு, ரொட்டி, பிள்ளையைப் பிள்ளை மடுவத்தில் விடுவது, பிறகு மலை. 2021இல் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவானது, 2024இல் 1,350. நிறுவையில் கிலோ குறைந்தால் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான், என்ற பயம் காலையிலிருந்தே நெஞ்சில் கிடக்கும். சம்பள நாளன்று வீட்டுக்காரர் தவறணைப் பக்கம் திரும்பினால் அன்றைய தூக்கமும் போயிற்று.

கொழுந்து பறிக்கையில் இரண்டு கையும் செடியில். செபமாலை மணி உருட்ட முடியாது. ஆனாலும் மங்கள வார்த்தை வாய்க்குள் ஓடிக்கொண்டே இருக்கும். செபமாலையின் பெரிய உதவி இது: சொந்தச் சொல் வராத அளவுக்குக் களைத்தவளுக்கும் அது சொல்லைத் தயாராகக் கையில் கொடுக்கிறது. 2001இல் இத்தாலிய ஆய்வாளர்கள் 23 பேரை இலத்தீனில் செபமாலையும் யோக மந்திரமும் சொல்லவைத்துப் பார்த்தார்கள். இரண்டிலுமே மூச்சு நிமிடத்துக்கு ஆறு அளவுக்கு இறங்கியது. இதய, இரத்த ஓட்டத் தாளங்களும் ஒத்திசைந்தன. நல்ல உடல்நலம் உள்ளவர்களிடம் செய்த சிறிய ஆய்வுதான். இருந்தாலும் நம் அப்பாயிமார் நெஞ்சு படபடத்தபோது மணியைத் தேடியதற்கு உடம்பிலும் ஒரு காரணம் இருந்திருக்கிறது.

ஆனால் செபமாலை சொல்பவள் எதற்காக அழுகிறாள் என்று அடுத்த காம்பராவுக்குத் தெரியாது.

ஜெபக்கூட்டத்தில் தெரிந்துவிடும். பாட்டு முடிந்ததும் ஆளுக்கொரு ஜெபக்குறிப்பு சொல்ல வேண்டும். “கொழும்புக்குக் கடை வேலைக்குப் போன மகன் போன் எடுக்கிறானில்ல” என்று ஒரு தாய் வாய்விட்டுச் சொன்னால், மறுநாள் மலையில் நாலு பேர் அதை விசாரிப்பார்கள். ஒருத்தி பிள்ளையைப் பார்த்துக்கொள்வாள். இதே கூட்டம் காயமும் செய்யும்: சொன்னது பீலிக்கரையில் ஊர்க்கதையாகலாம், அழுகை நிற்காதவளை “விசுவாசம் காணாது” என்று யாராவது தீர்த்துவிடலாம். அந்த ஒரு சொல் அவளை மறுபடி வாய் திறக்கவிடாது.

இந்த இரண்டு வழியையும் ஒரே பெண்ணிடம் பார்க்கிறேன். சாமுவேலின் முதல் புத்தகத்தில் பிள்ளையில்லாத அன்னாள் ஒரு பிள்ளை கேட்டு, உதடு மட்டும் அசைய மன்றாடினாள்; ஆசாரியன் ஏலி அவள் குடித்திருப்பதாக நினைத்தான். அவள் ஒதுங்கிப் போகவில்லை. தன் துக்கத்தை அவன் முகத்துக்கு நேரே சொன்னாள். அவனும் தன் எண்ணத்தை மாற்றி வாழ்த்தி அனுப்பினான். பிறகு அவள் போய்ச் சாப்பிட்டாள், முகம் தெளிந்தது. பிள்ளை பிறக்க இன்னும் காலம் இருந்தது. கேட்டது கிடைக்குமுன்பே பாரம் குறைந்ததென்றால், வாய்விட்டுச் சொன்னதும் ஒரு மனிதன் கேட்டதும் அதில் பெரும்பங்கு என்பேன்.

ஆகவே என் மனம் ஜெபக்கூட்டத்தின் பக்கம் சாய்கிறது, கேட்பவர்கள் தீர்ப்புச் சொல்லாதவரை. செபமாலைக்காரி அக்காமாரும் மணியைக் கீழே வைத்த பிறகு ஒருத்தியிடமாவது வாய் திறக்கட்டும். கிலோக் கணக்கும் சம்பளமும் மாற ஜெபம் மட்டும் போதாது. அது தொழிற்சங்கத்தில் பேச வேண்டியது. தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் போய்விட்டால் அது விசுவாசக் குறைவல்ல, நோய். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தை இரவிலும் அழைக்கலாம்.