தோட்டத்து கேட்டும் கைப்பேசிக் கடையும்

எங்கள் கோலசிலாங்கூர் மாவட்டத்தில் தென்னமரம் என்றொரு தோட்டம் உண்டு. பெயர் தமிழ், மண் கம்பெனியுடையது. பிரெஞ்சுக்காரர் ஆன்றி ஃபோக்கோனியே 1917இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை அங்கேதான் போட்டார். ஜெராம் பக்கத்துப் பெருசுகளிடம் தோட்டக் கதை கேட்டால் எனக்கு முதலில் கிடைப்பது கடைக் கணக்குதான். லயம் கம்பெனி வீடு. ஆஸ்பத்திரி, கள்ளுக்கடை எல்லாம் கேட்டுக்குள்ளேயே. மாதம் முழுக்கக் கடையில் பற்று, சம்பள நாளில் கழிவு. வேலையை விட்டால் வீடும் போச்சு. யாரையும் சங்கிலியில் கட்டிப்போடவில்லை. வெளியே போவதற்கான விலையைக் கூட்டி வைத்தார்கள், அவ்வளவுதான்.

கைப்பேசியில் தமிழ் நடந்த வழியைப் பார்க்கும்போது எனக்கு இந்த ஏற்பாடுதான் நினைவுக்கு வருகிறது. மலேசியரான முத்து நெடுமாறனின் செல்லினம் 2005 பொங்கலன்று சிங்கப்பூரில் வெளியானது. அப்போது ஐஃபோனே கிடையாது. 2008இல் ஆப்பிள் தன் செயலிக் கடையைத் திறந்தது. விற்பனையில் 30 விழுக்காடு கடைக்காரனுக்கு. செல்லினம் ஐஃபோனுக்கும் போனது. ஆனால் அங்கே அது விசைப்பலகையாக இயங்க முடியாது. செல்லினத்துக்குள் எழுதி, நகலெடுத்து, வேறு செயலியில் ஒட்டணும். அந்தக் கதவு ஐஓஎஸ் 8 வந்தபோதுதான், 2014இல், திறந்தது. அதற்கு முந்தைய ஆண்டே ஆப்பிள் தன் சொந்தத் தமிழ் விசைப்பலகையைக் கொடுத்துவிட்டது. எழுதத் தெரிந்தவர்கள் இருந்தார்கள், கருவி செய்யத் தெரிந்தவரும் இருந்தார். இல்லாதது அனுமதி.

பாதுகாப்புக்காகத்தான் கேட் என்கின்றன நிறுவனங்கள். அதில் பொய்யில்லை, திருட்டுச் செயலிகள் ஏராளம். ஆனால் காவலுக்கு நிற்பவனே வசூலும் செய்தால்? 2024 மார்ச் 1 அன்று கட்டணத் தகராறில் கூகுள், சென்னையின் பாரத் மேட்ரிமோனி செயலிகளைத் தன் கடையிலிருந்து தூக்கியது. இந்திய அரசு தலையிட்ட பிறகு சில நாட்களில் அவை திரும்பி வந்தன.

அதே மாதம் ஐரோப்பாவில் டிஜிட்டல் சந்தைச் சட்டம் பெருநிறுவனங்களைக் கட்டுப்படுத்தத் தொடங்கியது. ஆப்பிள் வேறு கடைகளை உள்ளே விட்டது. கூடவே புதிய கட்டணம் ஒன்றையும் அறிவித்தது: ஆண்டுக்கு 10 லட்சத்தைத் தாண்டும் ஒவ்வொரு நிறுவலுக்கும் அரை யூரோ. கங்காணிக்குக் கம்பெனி ஆள் கணக்கில் கொடுத்த தலைக்காசு ஞாபகம் வருதா?

1923 தொழிலாளர் சட்டம் 7 முதல் 14 வயதுக்குள் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்றது. பள்ளிகள் வந்தன. பல இடங்களில் அது ஒரு கொட்டகை, வாத்தியார் கங்காணியோ கிராணியோ. சட்டத்தை மீறாமலேயே அதைச் சிறுசாக்கிவிடலாம் என்று தோட்டம் காட்டிக்கொடுத்தது. ஆனாலும் அந்தக் கொட்டகைகளில்தான் பல குடும்பங்களின் முதல் எழுத்து தொடங்கியது. அதனால் நான் சட்டத்தை வேண்டாமென்று சொல்லமாட்டேன். சட்டம் வந்த மறுநாள் கிராணி என்ன கணக்கு எழுதுகிறார் என்றும் பார்க்கணும் என்பேன்.