இன்னிக்கு எழுதின பாட்டை யார் பாடுறது? பம்பாய் டு லண்டன்... பட்ரீஷியா ரொசாரியோவின் கதை!

மங்கலம்பேட்டை பஸ் ஸ்டாப்பில் இயர்போன் மாட்டிக்கிட்டு நிற்கிறீங்களா? உங்க பிளேலிஸ்ட்டில் 'கிளாசிக்கல்'னு ஒரு பாட்டு இருந்தா, அதை இயற்றியவர் இப்போ உயிரோட இருக்காரான்னு பாருங்க. பெரும்பாலும் இருக்க மாட்டார். கர்னாடக மேடையில் 18, 19-ம் நூற்றாண்டு கீர்த்தனைகள். மேற்கத்திய மேடையில் மொஸார்ட், பீத்தோவன். அப்போ, இன்னிக்கு எழுதுறவங்களோட பாட்டை யார் பாடுறது?

இந்தக் கேள்விக்கு ஓர் இந்தியப் பெண்ணின் குரலில் பதில் இருக்கு. அவர் பட்ரீஷியா ரொசாரியோ.

யார் இவர்?

1960-ல் பம்பாயில் பிறந்தவர். மேற்கத்திய சாஸ்திரிய இசை மேல் ஆசை. முறையா படிக்க லண்டன் போனார். அங்கே கில்ட்ஹால் இசைப்பள்ளியில் பயிற்சி, தங்கப்பதக்கம். பிறகு இங்கிலாந்திலேயே தங்கிட்டார். இவருடையது சோப்ரானோ குரல். பெண் குரல்களில் மிக உயரமான ஸ்தாயியில் பாடுறவங்களை அப்படித்தான் சொல்வாங்க.

மொஸார்ட்டை மட்டும் பாடியே இவர் காலம் தள்ளியிருக்கலாம். ஆனா, மை காயாத பாட்டுகளைத் தேடிப் போனார். ஜான் காஸ்கன் எழுதிய 'கோலெம்' ஆபராவின் இசைப்பதிவில் மிரியம் பாத்திரத்தைப் பாடியது இவர்தான்.

ஒரு குரலுக்கு 30 படைப்புகள்!

திருப்புமுனை, பிரிட்டிஷ் இசையமைப்பாளர் ஜான் டாவனர். 1997-ல் இளவரசி டயானாவின் இறுதிச்சடங்கில் சவப்பெட்டியை வெளியே கொண்டுபோனப்போ பாடினாங்களே, அந்தப் பாட்டு இவருடையது. அவர் ரொசாரியோவின் குரலை மனசில் வெச்சு 30-க்கும் மேற்பட்ட படைப்புகளை எழுதினார். அதில் மூணு மட்டும் இங்கே...

* 'மேரி ஆஃப் ஈஜிப்ட்' (1992): ஆல்ட்பரோ இசை விழாவில் அரங்கேறிய ஆபரா. பாலியல் தொழிலில் இருந்து துறவியான பெண்ணின் கதை. நாயகி ரொசாரியோ.

* 'அக்மதோவா பாடல்கள்' (1993): ரஷ்யக் கவிஞர் அன்னா அக்மதோவாவின் வரிகள். ஒரு குரல், ஒரு செல்லோ. அவ்வளவுதான்!

* 'தி வெய்ல் ஆஃப் தி டெம்பிள்' (2003): லண்டன் டெம்பிள் சர்ச்சில் ராத்திரி ஆரம்பிச்சு சுமார் 7 மணி நேரம். நம்ம ஊர் தெருக்கூத்து மாதிரி விடிய விடிய!

எஸ்தோனிய இசையமைப்பாளர் ஆர்வோ பெர்ட்டும் இவருக்காக எழுதியிருக்கார். 2001-ல் பிரிட்டன் அரசு ஓ.பி.இ. கௌரவம் கொடுத்தது.

புதுப் பாட்டு ஏன் கஷ்டம்?

பழைய பாட்டுன்னா கேட்டுப் பழக பத்துப் பதிவு இருக்கும். புதுப் பாட்டுக்கு அது கிடையாது. கையில் இருக்கிறது குறிப்புத்தாள் மட்டும்தான். எங்கே மூச்சு எடுக்கணும், எந்தச் சொல்லை அழுத்தணும்னு முதல்ல பாடுறவர்தான் கண்டுபிடிக்கணும். ரசிகருக்கும் அது தெரியாத பாட்டு. கூடச் சேர்ந்து தலையாட்ட மாட்டார். முதல் முறை சரியா அமையலைன்னா, ரெண்டாவது முறை அந்தப் பாட்டை எடுக்க ஆளே இருக்காது. ஓர் இசையமைப்பாளரின் பல மாச உழைப்பு அலமாரிக்குப் போயிடும்.

இது நமக்கும் தெரிஞ்ச விஷயம்தான். சிதம்பரம் போகத் தவிச்ச நந்தனாரைப் பற்றி கோபாலகிருஷ்ண பாரதி 19-ம் நூற்றாண்டில் எழுதினப்போ, அதுவும் புத்தம்புதுசு. கதாகாலட்சேபக்காரர்கள் அதை ஊர் ஊரா எடுத்துப் போனாங்க. 1942-ல் 'நந்தனார்' படத்தில் எம்.எம்.தண்டபாணி தேசிகர் நடிச்சுப் பாடினார். பின்னாளில் அவர் நம்ம அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசைப் பேராசிரியராவும் இருந்தார். பாடுறதுக்குத் தொண்டை கிடைச்சதால்தான் அந்தப் பாட்டுகள் நம்ம வரைக்கும் வந்திருக்கு.

திரும்பி வந்த குரல்

தான் படிக்க ஆசைப்பட்டப்போ கடல் தாண்ட வேண்டியிருந்ததை ரொசாரியோ மறக்கலை. 2009-ல் கணவர், பியானோ கலைஞர் மார்க் ட்ரூப்புடன் சேர்ந்து 'கிவிங் வாய்ஸ் டு இந்தியா' திட்டத்தைத் தொடங்கினார். இந்திய நகரங்களுக்கு வந்து இளம் பாடகர்களுக்குக் குரல் பயிற்சி கொடுக்கிறதுதான் நோக்கம். லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக்கிலும் பேராசிரியரா இருந்திருக்கார்.

எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

முதல்ல 'அக்மதோவா பாடல்கள்' கேளுங்க. ரஷ்யன் புரியாது, பரவாயில்லை. செல்லோவும் குரலும் எங்கே பிரியுது, எங்கே சேருதுன்னு மட்டும் கவனிங்க. ஒரு தடவை கேட்டுட்டு 'செட் ஆகலை'ன்னு தள்ளிடாதீங்க. ரெண்டாவது தடவையும் கேளுங்க.

அப்படியே, உங்க ஊரில் சொந்தமா பாட்டு எழுதி வெச்சிருக்கிற ஃப்ரெண்டு யாராவது இருந்தா, அடுத்த விசேஷத்தில் அதில் ஒண்ணைப் பாடிப் பாருங்களேன். யாராவது ஒருத்தர் முதல்ல பாடித்தானே ஆகணும்!