ஃபியட் 1100: தானே பழுதுபார்ப்பவரின் இத்தாலியக் கார்

ஃபியட் 1100 இத்தாலியில் வடிவமைக்கப்பட்டு, மும்பை குர்லாவில் பல பத்தாண்டுகள் தயாரிக்கப்பட்ட நான்கு கதவுக் கார். 1974 முதல் இந்தியாவில் இதன் பெயர் பிரீமியர் பத்மினி. பிறப்பால் இது ஒரு குடும்பக் கார். ஆனால் கார் இறக்குமதி ஏறக்குறைய மூடப்பட்டிருந்த காலத்தில், இத்தாலியக் கார் ஒன்றை வாங்கித் தன் கையாலேயே கழற்றிப் பூட்டி வேகமாக ஓட்டிப் பார்க்க விரும்பிய இந்தியருக்கு எட்டும் தொலைவில் இருந்தது இது ஒன்றே. ஓசூர், கிருஷ்ணகிரி போன்ற தொழிற்பகுதிகளில் பழைய இத்தாலியக் கார் தேடும் ஆர்வலருக்கு இன்றும் முதலில் அகப்படுவது இதுதான்.

எஞ்சினின் பரம்பரை

இதன் எஞ்சின் 1937-இல் வந்த ஃபியட் 508 சி காருடையது. சிலிண்டர் விட்டம் 68 மி.மீ., பிஸ்டன் வீச்சு 75 மி.மீ., கொள்ளளவு 1089 சி.சி. பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். ஃபியட்டின் பொறியாளர் டான்டே ஜியாகோசாவின் தலைமையில் இந்தக் கார் உருவானது.

புகழ்பெற்ற இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கார்கள் சிலவற்றின் வேர் இங்கே இருக்கிறது. ஆல்ஃபா ரோமியோவை விட்டு விலகிய என்சோ ஃபெராரி, 1940-ஆம் ஆண்டு மில்லே மில்லியா பந்தயத்துக்காக 815 என்ற காரை உருவாக்கினார். அதன் எட்டு சிலிண்டர் எஞ்சினுக்கும் அடிச்சட்டத்துக்கும் 508 சி காரின் பாகங்களே அடிப்படை. போருக்குப் பின் சிசிடாலியா நிறுவனமும் 1089 சி.சி. ஃபியட் எஞ்சினைக் கொண்டே 202 என்ற காரைச் செய்தது. பினின்ஃபரினா வடிவமைத்த அந்தக் கார் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளது.

1953-இல் ஜெனீவா கண்காட்சியில் 1100/103 அறிமுகமானது. தனி அடிச்சட்டம் இல்லாமல், உடற்கூடே பாரம் தாங்கும் அமைப்பு கொண்டது. அதே ஆண்டு கூடுதல் வேகம் கொண்ட டிவி வகையும் வந்தது.

இந்தியாவில்

வால்சந்த் ஹீராசந்த் 1944-இல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், 1950-களில் ஃபியட் கார்களைத் தயாரித்தது. 1964-இல் 1100 டிலைட் வந்தது. இத்தாலியில் அதே மாதிரி 1221 சி.சி. எஞ்சினுக்கு மாறியபோதும், இந்திய வண்டியில் 1089 சி.சி. எஞ்சினே தொடர்ந்தது. 1970-களின் தொடக்கத்தில் பிரசிடென்ட் என்றும், 1974 முதல் பத்மினி என்றும் பெயர் மாறியது. 2000-ஐ ஒட்டித் தயாரிப்பு நின்றது.

அன்று வாங்குவோர் முன் இருந்தவை அம்பாசடர், ஃபியட், சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என மூன்றுதான். ஃபியட் 124 ஸ்பைடர், எக்ஸ் 1/9 போன்றவை இங்கே விற்பனைக்கு வரவில்லை. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களில் ஃபியட்டுகள் ஓடியது இதனால்தான். 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அவற்றை நடத்தியது. வாரநாளில் அலுவலகம் போன வண்டியே பந்தய நாளில் களத்தில் நின்றது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் திறக்கப்பட்டபின் சோழவரத்தின் காலம் முடிந்தது.

ஓசூர் வட்டாரம்

ஓசூர் சிப்காட் பகுதியில் 1980-ஐ ஒட்டி அசோக் லேலண்ட் ஆலையும் டிவிஎஸ் மொபெட் ஆலையும் உற்பத்தியைத் தொடங்கின. அவற்றைச் சுற்றி உதிரிபாகம் செய்யும் சிறு பட்டறைகள் பெருகின. ஃபியட் குழுமத்தின் இவெகோ, 1987-இல் இந்துஜாக்களுடன் சேர்ந்து அசோக் லேலண்டில் பங்கு பெற்றதால், இத்தாலிய லாரித் தொழில்நுட்பமும் பின்னர் இங்கே வந்தது.

பத்மினி வைத்திருப்பவருக்குப் பயன்படுவது அந்தச் சிறு பட்டறைகளின் திறமை. சிலிண்டர் போரிங், கிராங்க் கிரைண்டிங், புஷ் கடைதல், வளைந்த ஹெட்டைச் சமன்படுத்துதல் ஆகியவை லேத் பட்டறைக்கு அன்றாட வேலைகள். கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், வால்வு இடைவெளி ஆகியவற்றை வீட்டு முற்றத்திலேயே சரிசெய்யலாம். கணினி எதுவும் தேவையில்லை.

தேர்வு

எஞ்சின் புகைவதைக் கண்டு அஞ்சி, பெயின்ட் பளபளப்பதைக் கண்டு மயங்கி வாங்குவது இந்தக் காரில் தலைகீழான கணக்கு. தேய்ந்த எஞ்சினைப் பட்டறை மீட்டுவிடும். உடற்கூடே பாரம் தாங்குவதால், தரைத்தகடு, கதவுக்குக் கீழுள்ள பெட்டிப்பகுதி, பின் ஸ்பிரிங் பட்டைகள் பொருந்தும் இடங்கள் ஆகியவற்றில் துரு ஏறினால் வண்டியின் முதுகெலும்பே போய்விடும். தனி அடிச்சட்டம் கொண்ட ஹெரால்டுக்கு இந்த அளவு ஆபத்து இல்லை. எனவே முதலில் வண்டியைத் தூக்கி அடியில் பார்க்க வேண்டும். கதவு தொங்காமல் மூடுகிறதா, டிங்கரிங் செய்த இடத்தில் காந்தம் ஒட்டுகிறதா என்பவை எளிய சோதனைகள். புட்டி தடிமனாக இருந்தால் காந்தம் ஒட்டாது.

அடுத்தது பதிவுச் சான்று. எல்லை கடந்து பெங்களூரில் வண்டி வாங்குவது ஓசூரில் இயல்பு. வேற்று மாநிலப் பதிவுள்ள வண்டியை 12 மாதங்களுக்கு மேல் இங்கே வைத்திருந்தால், மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 47-ஆம் பிரிவின்படி புதிய பதிவெண் பெற வேண்டும். அதற்கு முந்தைய அலுவலகத்தின் தடையின்மைச் சான்று தேவை. டீசல் எஞ்சினுக்கு மாற்றப்பட்ட பத்மினிகளும் உண்டு. எஞ்சின் எண் சான்றோடு பொருந்தாவிட்டால் மறுபதிவு சிக்கும்.

வேகமா, மரபா

2021-இல் வந்த மத்திய விதிகள், முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வாகனங்களைப் பழம்பெரும் வாகனங்களாக ஏற்று 'விஏ' வரிசைப் பதிவு தருகின்றன. முதல் பத்மினிகள் 2024-இல் அந்த வயதை எட்டின. ஆனால் உடற்கூட்டிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. அன்றாடப் பயணத்துக்கும் அந்தப் பதிவு உதவாது.

சோழவரத்து ஆர்வலர்கள் இதே காரை இழைத்து மாற்றித்தான் ஸ்போர்ட்ஸ் கார் ஆக்கினார்கள். இன்று அவர்கள் வழியில் போகிறவர் பழம்பெரும் பதிவைக் கைவிட வேண்டியிருக்கும். தகரம் கெடாத, எஞ்சின் மாறாத பத்மினிகள் ஆண்டுக்கு ஆண்டு குறைகின்றன. அத்தகைய வண்டி கிடைத்தால் அதை மாற்றாமல் காப்பதும், ஏற்கெனவே மாற்றப்பட்ட வண்டி கிடைத்தால் அதில் கைவரிசையைக் காட்டுவதும் முறையான பங்கீடு.