வந்தவாசிப் போரும் வாக்குத்தத்த அட்டையும்

வந்தவாசி என்றதும் பலருக்குக் கோரைப்பாய் நினைவுக்கு வரும். பள்ளிக்கூட வரலாற்றுப் பாடத்தை மறக்காதவர்களுக்கு 1760 ஜனவரி 22 நினைவுக்கு வரும். அன்றுதான் அயர் கூட்டின் ஆங்கிலப் படை லாலியின் பிரெஞ்சுப் படையை இங்கே தோற்கடித்தது. அந்தப் போருக்கும் தமிழ் பைபிளுக்கும் ஒரு தொடர்பு உண்டு என்பது அதிகம் பேருக்குத் தெரியாது.

வந்தவாசியில் தோற்ற பிரெஞ்சுக்காரர்கள் அடுத்த ஜனவரியில் புதுச்சேரியையும் இழந்தார்கள். அங்கே கைப்பற்றிய பொருட்களில் ஓர் அச்சு இயந்திரமும் இருந்தது. அது சென்னைக்கு வந்து, வேப்பேரியில் இருந்த ஜெர்மன் மிஷனரி ஃபப்ரிசியஸ் கையில் சேர்ந்தது. கம்பெனி கேட்கும்போது கம்பெனி வேலையையும் அச்சடித்துத் தர வேண்டும், அதுதான் கண்டிஷன்! அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1772ல் வெளிவந்தது.

புத்தகம் பரவியது நல்லதுதான். கூடவே இன்னொரு பழக்கமும் பரவியது. வசனத்தைத் தனியாகப் பிய்த்தெடுக்கும் பழக்கம். பைபிளை எழுதியவர்கள் அதிகாரம், வசனம் என்று எண் எதுவும் போடவில்லை. இன்றுள்ள அதிகாரப் பிரிவுகள் 13ம் நூற்றாண்டில் வந்தவை. புதிய ஏற்பாட்டின் வசன எண்கள் 1551ல் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சகர் போட்டவை. தேடுவதற்கு வசதியாகப் போட்ட எண், கத்தரிக்கோலுக்கும் வசதியாகிவிட்டது. ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற ஊரின் மொரேவியக் கிறிஸ்தவர்கள் 1731 முதல் சீட்டெடுத்து நாளுக்கு ஒரு வசனம் தேர்ந்து அச்சிட்டார்கள். (அதே மொரேவியர்கள் தரங்கம்பாடியில் வந்து இறங்கியதும் 1760ல்தான்.)

இன்று தமிழ்நாட்டில் டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும் பல சபைகளில் வாக்குத்தத்த அட்டை கொடுப்பார்கள். கிடைத்த வசனம் அந்த வருடம் முழுக்க வீட்டுச் சுவரில் இருக்கும். அதில் அடிக்கடி வருவது எரேமியா 29:11. உங்களுக்காக நான் வைத்திருப்பது தீமை அல்ல, சமாதானம் என்று கடவுள் சொல்வதாக வரும் வசனம். பரீட்சைக்கும் வேலைக்கும் கல்யாணத்துக்கும் இதையே சொல்வார்கள்.

முந்தைய அதிகாரத்தையும் சேர்த்து முழுதாகப் படித்தால் கதை வேறு. நேபுகாத்நேச்சார் யூதர்களைப் பாபிலோனுக்குச் சிறைப்பிடித்துக் கொண்டுபோயிருக்கிறான். அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டே வருடத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்கிறான். கூட்டத்துக்குக் கேட்க இனிப்பான பேச்சு. எரேமியா அதை மறுத்துக் கடிதம் எழுதுகிறார். எழுபது வருடம் ஆகும், அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யுங்கள், சிறைப்பிடித்த அந்த ஊரின் நலனுக்காகவே ஜெபம் செய்யுங்கள் என்கிறார். அதற்குப் பிறகுதான் 11ம் வசனம். கடிதத்தைப் படித்த பெரியவர்களில் பலர் ஊர் திரும்புவதைப் பார்க்கவே போவதில்லை. உடனடி வாக்குறுதி கொடுத்தவனை மறுத்து எழுதிய கடிதத்தின் ஒரு வரி, இன்று உடனடி வாக்குறுதியாகக் கையில் வருகிறது! பேலன்ஸ் ஷீட்டில் சொத்துப் பக்கத்தை மட்டும் காட்டிக் கடன் பக்கத்தை மடித்து வைப்பது போல.

சுவரில் தொங்கும் அட்டையால் யாருக்கும் பெரிய நஷ்டமில்லை, மனதுக்கு ஆறுதல்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் எல்லா வசனமும் சுவரோடு நிற்பதில்லை. 1920களில் கொழும்பில் தொடங்கித் தமிழ்நாட்டிலும் வேரூன்றிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன், விசுவாசிகள் மருந்தை விட்டு ஜெபத்தை மட்டும் நம்ப வேண்டும் என்று போதித்தது. மருந்து வேண்டாம் என்பவர்கள் வழக்கமாகக் காட்டும் இடம் யாத்திராகமம் 15:26, கடவுளே குணமாக்குகிறவர் என்ற வசனம். அது வனாந்தரத்தில் மூன்று நாள் தண்ணீரில்லாமல் நடந்து, கசப்புத் தண்ணீருக்கு முன்னால் முறுமுறுத்த கூட்டத்துக்குச் சொன்னது. கட்டளைக்குக் கீழ்ப்படிந்தால் எகிப்தியருக்கு வந்த வியாதி உங்களுக்கு வராது என்று நிபந்தனையோடு தொடங்கும் வாக்கியம். மருந்தைப் பற்றி அங்கே ஒரு வார்த்தை கூட இல்லை. அதே பைபிளில் எசேக்கியா ராஜா சாகக் கிடந்தபோது, கட்டியின் மேல் அத்திப்பழப் பற்றுப் போடச் சொன்னவர் ஏசாயா தீர்க்கதரிசியேதான். சர்க்கரைக்கு ஊசி போடுகிறவர் எந்த வசனத்தை மட்டும் கேட்டுவிட்டு ஊசியை நிறுத்துகிறார் என்பது உயிர் பற்றிய விஷயம்.

வந்தவாசி முன்பு வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. அதே மாவட்டத்து வேலூரில்தான் 1900ல் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு படுக்கையோடு வைத்தியம் தொடங்கினார். பிற்பாடு சி.எம்.சி. ஆஸ்பத்திரியாக வளர்ந்த அந்த இடமும் ஒரு வசனத்தைத்தான் தன் குறிக்கோளாக வைத்திருக்கிறது. ஊழியம் கொள்ள அல்ல, ஊழியம் செய்யவே என்ற கருத்து, மாற்கு 10:45. சீடர்களில் இருவர் வலது பக்கமும் இடது பக்கமும் தங்களுக்குத்தான் என்று இடம் கேட்டு, மற்ற பத்துப் பேருக்கும் கோபம் வந்தபோது இயேசு சொன்ன பதில் அது.