சுஸுகாவில் ஒரு சுற்று: பந்தய எஞ்சினின் சுருதி குறித்து

ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுழற்சிக்கு ஒரு முறை வெடிக்கிறது. எட்டு சிலிண்டர் கொண்ட ஃபார்முலா 1 எஞ்சின் நிமிடத்திற்கு 18,000 சுழற்சியில் ஓடினால் நொடிக்கு 1,200 வெடிப்புகள். பத்து சிலிண்டர் என்றால் 1,500. இடைவெளி சீராக இருப்பதால் காது இவற்றைத் தனித்தனி வெடிகளாகப் பிரிப்பதில்லை, ஒரே சுரமாக வாங்கிக்கொள்கிறது. சுழற்சி இரட்டித்தால் ஒலி ஒரு ஸ்தாயி ஏறும். 4,500 முதல் 18,000 வரை இரண்டு ஸ்தாயி. எனவே பந்தய எஞ்சினை வெறும் இரைச்சல் என்று ஒதுக்குவது பிழை. அது சுருதியுள்ள கருவி. அந்தச் சுருதி நிற்கும்போது கிடைக்கும் இசையைவிட நகரும்போது கிடைக்கும் இசையே மேலானது என்பது என் வாதம்.

ரெனோவின் எஞ்சின் ஒன்றைச் சோதனை மேடையில் பூட்டி, பிரிட்டனின் தேசிய கீதத்தை ஒலிக்கவைத்த பதிவு பலருக்கும் தெரியும். அதன் பின்னுள்ள திறமை பெரிது. ஓர் அரைச்சுரம் ஏறச் சுழற்சியை ஏறத்தாழ 6 விழுக்காடு கூட்ட வேண்டும். கூட்டி, அங்கேயே பிடித்து நிறுத்தவும் வேண்டும். ஆனாலும் கேட்பவருக்கு அதில் கிடைப்பது கிளி பேசக் கேட்ட வியப்புதான். படிப்படியாக நிற்கும் சுரங்களுக்காக எஞ்சின் தன் இயல்பைக் கைவிடுகிறது. இழைவதே அதன் இயல்பு. முடுக்கினால் சுருதி வழுக்கி ஏறும். கியர் மாறினால் சட்டெனச் சரிந்து மறுபடி ஏறும். கர்நாடக இசையில் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்லும் ஜாருவைக் கேட்டுப் பழகிய காதுக்கு இது அந்நியமல்ல. ஓடுகளத்தில் இன்னொரு சரிவும் உண்டு: மணிக்கு 300 கி.மீ. வேகத்தில் கார் நம்மை ஒட்டிக் கடக்கையில் டாப்ளர் விளைவால் ஒலி சுமார் எட்டரை அரைச்சுரம் தாழ்கிறது. மேடையில் பூட்டிய எஞ்சினிடம் இதை எதிர்பார்க்க முடியாது.

இந்த நகர்வைக் காப்பாற்றிய படைப்பு ஒன்று உண்டு. 1989 ஜப்பான் கிராண்ட் பிரீயின் தகுதிச் சுற்றில் மெக்லாரன் ஓட்டுநர் அயர்டன் சென்னா சுஸுகா ஓடுகளத்தை 1 நிமிடம் 38.041 நொடியில் சுற்றினார். அந்தச் சுற்றில் காரிலிருந்து பதிவான டெலிமெட்ரி தரவிலிருந்து ஹோண்டா 2013-இல் ஒலியை மீட்டெடுத்தது. அதே வகை மெக்லாரன் காரின் ஒலியைப் பல சுழற்சி நிலைகளில் பதிந்து, தரவுக்கோட்டின் ஏற்ற இறக்கத்திற்கேற்பக் கோத்தார்கள். களம் நெடுக ஒலிபெருக்கிகளும் விளக்குகளும் வைத்தார்கள். இரவில், கார் இல்லாத பாதையில் ஒலி மட்டும் ஓடியது. இங்கே தரவுக்கோடே சுரக்குறிப்பு. வளைவுக்கு முன் ஓட்டுநர் காலைத் தளர்த்திய இடம் ஓர் இறக்கமாகவும், மீண்டும் மிதித்த இடம் ஓர் எடுப்பாகவும் கேட்கிறது.

இது விளம்பரம்தானே என்பார்கள். ஆம், விளம்பரம்தான், அரசனைப் புகழப் பிறந்த பாட்டையும் நாம் இசை என்றுதான் சொல்கிறோம். கனமான மறுப்பு வேறு: சென்னா நேரத்தைக் குறைக்க ஓட்டினார், இசைக்க ஓட்டவில்லை, நோக்கமில்லாத ஒலி இசையாகுமா? 1948-இல் பிரெஞ்சு இசையமைப்பாளர் பியர் ஷேஃபர் ரயில் ஒலிகளைப் பதிந்து படைப்பாக்கியபோது ரயிலுக்கும் நோக்கம் இருக்கவில்லை. நோக்கம், ஒலியைத் தேர்ந்து வைப்பவருடையது. ஆனால் ஷேஃபர் வெட்டி அடுக்கினார். சுஸுகாவில் வரிசை மாறவில்லை. ஆகவே அதை இயற்றல் என்பதைவிட வாசிப்பு என்பதே பொருந்தும். இந்த அளவுக்கு மறுப்பை ஏற்கலாம்.

2014-இல் ஃபார்முலா 1 ஆறு சிலிண்டர் டர்போ எஞ்சினுக்கு மாறியது. ஒலி போய்விட்டதென ரசிகர்கள் முறையிட்டார்கள். அது சத்தத்தின் அளவைப் பற்றிய குறையாக மட்டுமே எடுத்துக்கொள்ளப்பட்டது. கணக்கு வேறொன்றையும் சொல்கிறது: 12,000 சுழற்சியில் ஆறு சிலிண்டர் தருவது நொடிக்கு 600 வெடிப்புகள், பழைய 1,200-க்குச் சரியாக ஒரு ஸ்தாயி கீழே. அவ்வாண்டு மே மாதம் பார்சிலோனா சோதனையில் மெர்சிடிஸ் புகைபோக்கியின் முனையில் ஊதுகுழல் போன்ற வாயைப் பொருத்திப் பார்த்தது. ஊதுகுழலால் ஒலியைப் பெருக்கலாம். வெடிப்புகளின் எண்ணிக்கையைக் கூட்ட முடியாது.