பத்து மணிக்கு சர்வர் ஏன் திணறுகிறது? ரயில் முன்பதிவின் கதை

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தை வானம் பார்த்த பூமி என்பார்கள். மழை பெய்தால் கண்மாய் நிறையும். பொய்த்தால் வெளியூருக்குப் பிழைக்கப் போக வேண்டியதுதான். அப்படிப் போனவர்கள் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊர் திரும்ப நம்பியிருப்பதில் ஒன்று ரயில். விருதுநகர் - மானாமதுரை மீட்டர்கேஜ் பாதை 2013-ல் அகலப்பாதை ஆனது. அதன் பிறகு சென்னையிலிருந்து சிலம்பு எக்ஸ்பிரஸ் இந்த வழியாகச் செங்கோட்டைக்குப் போகிறது.

ரயில் வந்துவிட்டது, டிக்கெட்தான் கிடைப்பதில்லை! கணினியின் முன் உட்கார்ந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பணம் போய்விடுகிறது, டிக்கெட் வருவதில்லை. எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "சர்வர் டவுன்". உண்மையில் சர்வருக்கு என்னதான் ஆகிறது? அதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கணினி வருவதற்கு முன்பு முன்பதிவு முழுக்கப் பேரேட்டில்தான் நடந்தது. ஒவ்வொரு ரயிலுக்கும் தனிப் பேரேடு, அதற்கென்று தனிக் கவுண்டர். ஒரு பேரேட்டில் ஒரு நேரத்தில் ஒரு குமாஸ்தாதான் எழுத முடியும். மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். வரிசை நீண்டதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

1985-86-ல் புதுதில்லியில் கணினி முன்பதிவு தொடங்கியது. அதைத் தொடர்ந்து மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் நகரங்களிலும் மையங்கள் அமைந்தன. ரயில்வேயின் தகவல் தொழில்நுட்ப அமைப்பான கிரிஸ் 1986-ல் உருவானது. ஐந்து மையங்களையும் இணைத்த கான்சர்ட் மென்பொருள் 1999-ல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. 2002 ஆகஸ்டில் ஐ.ஆர்.சி.டி.சி. இணையத்தில் டிக்கெட் விற்கத் தொடங்கியது. ஆரம்பத்தில் காகித டிக்கெட் கூரியரில் வீடு தேடி வந்தது. 2005-ல் இ-டிக்கெட் வந்தது.

பேரேடு போனது, ஆனால் அதன் விதி போகவில்லை. ஒரு பெர்த்தை இரண்டு பேருக்குக் கொடுத்துவிடக் கூடாது அல்லவா? அதனால் ஒருவருக்கு ஒதுக்கும் அந்த நொடியில் தரவுத்தளம் அந்தப் பதிவைப் பூட்டுகிறது. அடுத்தவர் பூட்டு திறக்கும் வரை காத்திருக்க வேண்டும். சாதாரண நாளில் இது யாருக்கும் தெரியாது. தட்கல் நேரத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் அதே ரயிலின் அதே பதிவைக் கேட்கும்போது, கவுண்டரில் நின்ற அந்தப் பழைய வரிசை சர்வருக்குள் போய் நிற்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

கண்மாய்ப் பாசனம் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. மடை ஒன்று, வயல்கள் பல. எல்லோரும் ஒரே நேரத்தில் வாய்க்காலை வெட்டினால் யார் வயலும் ஒழுங்காக நனையாது. அதனால்தான் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சினார்கள்.

ரயில்வேயும் கடைசியில் அந்த வழிக்குத்தான் வந்தது. முதலில், 2012 ஜூலையில், தட்கல் தொடங்கும் நேரத்தைக் காலை 8 மணியிலிருந்து 10 மணிக்கு மாற்றினார்கள். 8 மணிக்குத் திறக்கும் சாதாரண முன்பதிவின் கூட்டமும் தட்கல் கூட்டமும் அதனால் பிரிந்தன. 2015 ஜூனில் ஏ.சி. வகுப்புக்கு 10 மணி, மற்ற வகுப்புகளுக்கு 11 மணி என்று மறுபடியும் பிரித்தார்கள். ஒரு புது இயந்திரம்கூட வாங்காமல் சுமையை இறக்கும் வழி இது.

இயந்திரங்களையும் மாற்றத்தான் செய்தார்கள். 2014 ஆகஸ்டில் வந்த புதிய இணையத்தளம் நிமிடத்துக்கு 7,200 டிக்கெட் தரும் என்றார்கள். முன்பு 2,000 தான். இதில் ஒரு நுட்பம் உண்டு. டிக்கெட் வாங்குபவர்களைவிட "இடம் இருக்கிறதா?" என்று கேட்பவர்கள் மிக அதிகம். ஒவ்வொரு கேள்விக்கும் தரவுத்தளத்தை எழுப்பாமல், அடிக்கடி கேட்கப்படும் தகவலை நினைவகத்திலேயே வைத்துப் பதில் சொன்னால், தரவுத்தளம் டிக்கெட் ஒதுக்கும் வேலையை மட்டும் பார்க்கலாம். 2025 மே 22 அன்று ஒரே நிமிடத்தில் 31,814 டிக்கெட்கள் பதிவாகி அதுவே சாதனை ஆனது.

அப்படியும் சாதாரணப் பயணிக்கு ஏன் கிடைக்கவில்லை? 2025-ல் ரயில்வே சொன்ன கணக்கு கண்ணைத் திறக்கிறது. தட்கலின் முதல் ஐந்து நிமிடங்களில் உள்ளே நுழைய முயல்வதில் பாதி வரை தானியங்கி மென்பொருள்களின் வேலையாம்! சந்தேகத்துக்குரிய 2.5 கோடி கணக்குகள் முடக்கப்பட்டன. 2025 ஜூலை 1 முதல் இணையத் தட்கலுக்கு ஆதார் சரிபார்ப்பு கட்டாயமானது. முதல் அரை மணி நேரம் முகவர்களுக்குத் தடை விதித்தார்கள்.

ஆக, சர்வர் மெதுவானால் இயந்திரத்தை மட்டும் பார்த்தால் போதாது. யார் கேட்கிறார்கள், எதைக் கேட்கிறார்கள், எல்லோரும் ஏன் ஒரே நேரத்தில் கேட்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். மடையை அகலமாக்கினால் தண்ணீர் சீக்கிரம் தீரும், கூடாது. அதுபோல, சர்வர் எவ்வளவு வேகமானாலும் ரயிலில் ஒரு பெர்த்கூடக் கூடப் போவதில்லை. வரிசை நேர்மையாக இருக்கிறதா என்பதை மட்டுமே அதனால் காப்பாற்ற முடியும். கூடுதல் ரயில் விடுவது சர்வரின் வேலை அல்ல. திருச்சுழிக்காரர் பொங்கலன்று வீட்டில் இருப்பாரா என்பது இந்த இரண்டையும் பொறுத்தது.